ரேக்ளா வண்டி மாதிரி ஒரு கார்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பிரேக் பேட் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஹிரோஷிமாவில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் இருந்த 1990 மாடல் மாஸ்டா ரோட்ஸ்டர் என்ற சின்னத் திறந்த காரைப் புகழ்ந்து, போகிற போக்கில் நாலு வரி சேர்த்திருந்தேன். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எல்லோரும் அந்த நாலு வரியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன். சரி என்றார்.

சார், நீங்கள் புகழ்ந்த ரோட்ஸ்டரின் சக்தி வெறும் 120 குதிரைத்திறன். என் மாமாவின் டர்போ ஹேட்ச்பேக்கே கிட்டத்தட்ட அவ்வளவு கொடுக்கிறது. கூடவே ஏசி, ஏர்பேக், பெரிய திரை எல்லாம் இருக்கிறது. 35 வருடப் பழைய ஒரு சின்ன வண்டிக்கு ஏன் இத்தனை பேர் உயிரை விடுகிறார்கள்?
*மெக்கானிக்கல் மாணவர், சேலம்*

தம்பி, 120 என்ற எண்ணைப் பார்த்தீர்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: 940 கிலோ. 1989 செப்டம்பரில் ஜப்பானில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரில் மாஸ்டா அதை விற்க ஆரம்பித்தபோது, பவர் ஸ்டீயரிங் இல்லாத அடிப்படை மாடலின் மொத்த எடை அவ்வளவுதான். விலை 17 லட்சம் யென்.

எங்கள் கொங்குப் பக்கம் ரேக்ளா ஓட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பார வண்டியில் பூட்டிய காளை எவ்வளவு நல்ல காளையாக இருந்தாலும், கயிற்றை இழுத்த பிறகு வண்டி யோசித்துத்தான் திரும்பும். அதே காளையை லேசான ரேக்ளா வண்டியில் பூட்டுங்கள். கை அசைவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. ரோட்ஸ்டரின் ஸ்டீயரிங்கை முதல் தடவை பிடித்தபோது எனக்கு எங்கள் ஊர் ரேக்ளாதான் ஞாபகம் வந்தது. ஜப்பான்காரர்களும் கிட்டத்தட்ட அதே இடத்திலிருந்துதான் யோசித்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த வண்டியை உருவாக்கியவர்கள் முன்னால் வைத்துக்கொண்ட சொல் 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் மனிதனும் ஓருடல் என்று பொருள். ஓடுகிற குதிரையில் கடிவாளத்தை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வில்லை வளைத்து அம்பு விடும் யாபுசாமே என்ற பழைய வித்தையோடு சேர்த்துச் சொல்லப்படும் சொல் அது.

எடை குறைந்தால் என்னென்ன நடக்கிறது என்று நீங்கள் படிக்கிற பாடத்தை வைத்தே பாருங்கள். வண்டி லேசாக இருந்தால் சின்ன பிரேக் போதும். பிரேக் சின்னதென்றால் சக்கரமும் சின்னது: 14 அங்குல ரிம், 185 அகல டயர். சக்கரம் லேசென்றால் ஸ்பிரிங்கைக் கல் மாதிரி இறுக்க வேண்டியதில்லை, மேடு பள்ளத்திலும் டயர் ரோட்டை விடாது. டயர் மெலிதென்றால், பிடி விடப்போகிறது என்பதை அது முன்கூட்டியே, நிதானமாக, உங்கள் கைக்கும் இடுப்புக்கும் சொல்லிவிடும். அகல டயர் போட்ட கனத்த வண்டி கடைசி நொடி வரை வாயைத் திறக்காது. விட்டால் ஒரேயடியாக விடும்.

குரே நகரத்தின் கிழக்கே நோரோ என்று ஒரு மலை, 839 மீட்டர் உயரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அங்கே போவேன். கூரையைக் கையால் பின்னால் மடித்துப் போட அரை நிமிடம்கூட ஆகாது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை வளைவு மேல் வளைவு. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டாம் கியர். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டவே மாட்டேன், ஆனால் உடம்பு முழுக்க விழித்திருக்கும். கீழே உள்நாட்டுக் கடலில் சிப்பி வளர்க்கும் மிதவைகள் வரிசையாகத் தெரியும். உங்கள் மாமாவின் வண்டியில் அந்த விழிப்பு வர வேண்டுமென்றால் 100-க்கு மேல் போக வேண்டும். அந்த ரோட்டில் 100 போனால் வீடு திரும்ப மாட்டோம். மற்றதெல்லாம் அப்புறம். சட்டத்துக்கும் புத்திக்கும் உட்பட்ட வேகத்திலேயே முழுச் சந்தோஷத்தையும் கொடுத்துவிடுவதுதான் லேசான வண்டியின் பெருமை.

அந்த 940 கிலோ தானாக வந்துவிடவில்லை. 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், அந்தக்கால பிரிட்டிஷ் கார்களைப் போல ஒரு எளிய திறந்த இருக்கை வண்டி செய்யுங்கள் என்று சொன்னார். பிற்பாடு அவரே அந்த கம்பெனியில் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் பொறியாளர்கள் ஒவ்வொரு சாமானாக எடை பார்த்துச் செய்தார்கள். பானெட் அலுமினியம். பேட்டரியை முன்னாலிருந்து எடுத்து டிக்கியில் வைத்தார்கள். எஞ்சின் புதிதில்லை: ஃபாமிலியா என்ற குடும்பக் காரிலிருந்த 1.6 லிட்டர் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி, முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார வைத்தார்கள். கியர்பாக்ஸையும் பின்னால் இருக்கும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின் சக்கரத்துக்கு விஷயம் போய்ச் சேருவது அதனால்தான். எதிலும் மாயமில்லை, தம்பி. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை போகும்.

இன்று அதே வண்டியைப் புதிதாகச் செய்ய முடியாது. மோதல் சோதனை, ஏர்பேக், கதவுக்குள் இரும்புக் குறுக்குச் சட்டம், பாதசாரிக்கான பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தால் எடை ஏறத்தான் செய்யும். அவை உயிரைக் காப்பவை, அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். 2015-இல் வந்த நான்காம் தலைமுறை ரோட்ஸ்டரின் அடிப்படை மாடலை ஜப்பானில் 990 கிலோவில் நிறுத்தினார்கள். அதற்கு எத்தனை பேர் கிராம் கிராமாகப் போராடியிருப்பார்கள் என்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த முதல் வண்டியின் எளிமை அந்தக் காலத்தோடு முடிந்தது. அதைத்தான் மக்கள் தேடுகிறார்கள்.

ஜப்பான் கிளாசிக் என்றால் ஸ்கைலைன் ஜிடிஆர், சூப்ரா என்றுதானே சொல்வார்கள்? அவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே?
*வாசகர், பெரம்பூர், சென்னை*

அவை மகத்தான வண்டிகள். ஆனால் 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடிஆரே (ஆர்32 தலைமுறை) 1,430 கிலோ. 90-களின் டர்போ சூப்ரா ஒன்றரை டன்னைத் தொட்டது. ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு 2004 வரை 280 குதிரைத்திறனுக்கு மேல் போவதில்லை என்று இருந்தார்கள். அந்த 280-ஐ நோக்கி ஓடியது ஒரு கூட்டம். எடையைக் குறைத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தது இன்னொரு கூட்டம். என் மனம் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறது.

அதில் மூத்தது டொயோட்டா ஏஇ86. ஜப்பானில் 'ஹாச்சி ரோக்கு' என்பார்கள், அதாவது எட்டு-ஆறு. 1983-இல் கரோலா செடான் முன்சக்கர இழுவைக்கு மாறியபோது, கூபே மட்டும் பழைய அடித்தளத்திலேயே பின்சக்கர இழுவையில் நின்றுவிட்டது. லெவின், ட்ரூவெனோ என்று இரண்டு பெயர். கண்ணைத் திறந்து மூடுகிற விளக்கு ட்ரூவெனோவுக்கு. 1.6 லிட்டர், 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சின். எடை இதுவும் 940 கிலோவை ஒட்டித்தான். பின்னால் பழங்கால ஒற்றை ஆக்சில். காகிதத்தில் பார்த்தால் சாதாரண வண்டி. கெய்ச்சி சுச்சியா போன்ற பந்தய ஓட்டுநர்கள் மலைப்பாதையில் இதன் வாலை வீசி வீசி ஓட்டிக் காட்டியதில்தான் டிரிஃப்டிங் என்ற விளையாட்டுக்கே ஊக்கம் பிறந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு ட்ரூவெனோ இருந்தது. மழை நின்ற ஒரு சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்து, "மெதுவாக ஓட்டு, அதுவே சொல்லிக்கொடுக்கும்" என்றார். சொல்லிக்கொடுத்தது.

முன்சக்கர இழுவை வண்டியில் உயிரோட்டம் இருக்காது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். 1995-இல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் அந்த நம்பிக்கையை உடைத்தது. 1.8 லிட்டர், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 200 குதிரைத்திறன். சிலிண்டர் ஹெட்டின் காற்றுப் பாதைகளை ஆட்கள் கையால் தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள். முன்கண்ணாடியை மெல்லியதாக்கினார்கள். சத்தம் அடக்கும் பட்டைகளை உரித்தெடுத்தார்கள். சுற்று 6,000-ஐ நெருங்கும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் மாறி, எஞ்சின் குரலே வேறு குரலாகிவிடும். அந்த நொடிக்காகவே ஒரு கியர் குறைத்து ஓட்டுவார்கள். அதன் தந்த வெள்ளை நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1965-இல் மெக்சிகோவில் ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைத் தேடித்தந்த காரின் நிறம் அது.

எனக்கு மிகப் பிடித்தவை இன்னும் சின்னவை. ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வகுப்பு உண்டு. 1990 விதிப்படி எஞ்சின் 660 சிசி, நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். இதற்கு மேல் போகக் கூடாது என்று அப்போது இருந்தது. சக்தி 64 குதிரைத்திறன் என்பது கம்பெனிகள் தாமாகப் போட்டுக்கொண்ட கோடு. அந்தக் காலத்தில் கெய் காருக்கு ஆண்டு வரி 7,200 யென், என் ரோட்ஸ்டருக்கோ 39,500 யென். இந்தத் தீப்பெட்டி அளவுக்குள் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். ஹோண்டா பீட், 1991: எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், டர்போ இல்லாமலே 8,100 சுற்றில் 64 குதிரைத்திறன், 760 கிலோ. சுசுகி கப்புச்சினோ, அதே வருடம்: டர்போ, எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், 700 கிலோ. அதன் கூரையை மூன்று பலகையாகக் கழற்றி டிக்கியில் அடுக்கிக்கொள்ளலாம். 1992-இல் ஆட்டோசாம் ஏஇசட்-1: கதவு பறவை இறக்கை மாதிரி மேலே திறக்கும், 720 கிலோ. பீட்டை ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன். பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கர நட்டு என் கண் மட்டத்தில் இருந்தது. சாயங்காலம் இறங்க மனமே வரவில்லை.

அண்ணை, என்னட்ட 96ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஈகே3 ஒண்டு நிக்குது. கராஜில டேர்போ போடச் சொல்லுகினம். போடலாமோ?
*வாசகர், யாழ்ப்பாணம்*

போட வேண்டாம் தம்பி. உங்களிடம் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 1.5 லிட்டர் எஞ்சினில் மூன்று கட்ட விடெக் இருக்கிறது, அதாவது வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டாவின் ஏற்பாடு. மெதுவாகப் போகும்போது 12 வால்வு மட்டும் வேலை செய்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கும், நடுவில் 16 வால்வும் சேரும், மேல் சுற்றில் பெரிய கேம் பிடிக்கும். டர்போ இல்லாமலே 130 குதிரைத்திறன். ஒரு டன்னைச் சற்றுத் தாண்டிய உடம்புக்கு அது தாராளம். அந்தக் காலத்து சிவிக்கில் நாலு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இன்று அந்த விலை வண்டியில் அதை யாரும் கொடுப்பதில்லை.

டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து, கீழே இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். 30 வருடத்தில் ரப்பர் கல்லாகியிருக்கும் அல்லது கூழாகியிருக்கும். நல்ல ஷாக் அப்சார்பர், நல்ல டயர், புது பிரேக் ஹோஸ். பிறகு ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எஞ்சினைக் கட்டாயப்படுத்தினால் அடுத்து கிளட்ச் போகும், அதற்கடுத்து கியர்பாக்ஸ், அதற்கடுத்து ஹெட் கேஸ்கெட். மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் வண்டிக்குத்தான் நாளைக்கு மதிப்பும் கூடும்.

அண்ணே, இந்த வண்டிகளின் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது?
*வாசகர், கிள்ளான், மலேசியா*

பெரிய காரணம் அமெரிக்காவின் 25 வருட விதி. தங்கள் நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு உட்படாத காரை அவர்கள் இறக்குமதி செய்ய விட மாட்டார்கள், 25 வயது முடிந்தால் விட்டுவிடுவார்கள். 1997-இல் வந்த சிவிக் டைப் ஆர் அங்கே விற்கப்பட்டதே இல்லை. 2022-இல் அதற்குக் கதவு திறந்தது. இப்படி ஒவ்வொரு வருடமும் ஒரு வரிசை வண்டிக்குக் கதவு திறக்க, ஜப்பான் ஏலக்கூடங்களில் அமெரிக்கப் பணம் இறங்குகிறது. வாங்கிக் குளிரூட்டிய கொட்டகையில் பூட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 8,000 சுற்றுக்காகச் செய்த எஞ்சினை ஓட்டாமல் வைத்தால் சீல் காய்ந்து எண்ணெய் ஒழுகும்.

என் மகன் நகோயாவில் வேலை செய்கிறான். 1991 மாடல் ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். அம்மாவாக எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லட்டுமா?
*ஒரு தாயார், தஞ்சாவூர்*

அம்மா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வண்டியில் பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது. ஏபிஎஸ் இருக்காது. கூரை துணி. கனத்த வண்டி ஒன்று வந்து மோதினால் இன்றைய கார் தாங்குகிற அளவுக்கு இது தாங்காது. இதை மகனிடம் நேராகச் சொல்லுங்கள். தினமும் எக்ஸ்பிரஸ்வேயில் வேலைக்குப் போய்வர இது வேண்டாம். லீவு நாளில், பகலில், ஊர்ப்புறச் சாலையில் ஓட்டட்டும். இருக்கைக்குப் பின்னால் நல்ல இரும்பு ரோல் பார் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். நான் பொருத்தியிருந்தேன். என் மனைவி அது பொருத்திய பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாங்குவதாக இருந்தால், பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2001-இல் 3 லட்சத்து 80 ஆயிரம் யென் கொடுத்து என் வண்டியை வாங்கினேன். கடல் நீல நிறம், கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த வருடம் 'ஷாகென்' என்ற கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோனேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதில் தேறினால்தான் வண்டி ரோட்டில் ஓடலாம். சோதனை செய்தவர் கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பெட்டி மாதிரியான பகுதியை விரலால் தட்டினார். டொக்கென்று கேட்டது. விற்றவர் துருவை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருந்தார். வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு லட்சத்து 20 ஆயிரம் யென் போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, அவ்வளவு நல்ல வண்டிக்கு ஒரு மனிதன் அப்படிச் செய்தானே என்பதுதான் உறுத்தியது.

அந்த இடத்தில் துரு வருவதற்குக் காரணம் இருக்கிறது. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள சின்னக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். இலை, மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். எனவே மகன் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த இடத்தில் காந்தம் வைத்துப் பார்ப்பது. பட்டியில் காந்தம் ஒட்டாது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று, முதல் இரண்டு வருட 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தால், புல்லி வழுக்காமல் தடுக்கும் சின்ன இரும்புக் கட்டை (கீ) உட்காரும் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது முன்னால் நின்று புல்லியைப் பார்க்கச் சொல்லுங்கள். நேராகச் சுற்றினால் நல்லது, நெளிந்து சுற்றினால் வேறு வண்டி பார்க்கலாம். 1991-இன் நடுவில் இந்த முனையை மாற்றிவிட்டார்கள், ஆகவே அந்த வண்டி எந்த மாதத்தில் செய்தது என்று கேட்பது நல்லது. டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளாது. வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

உதிரிப் பாகத்துக்கும் கவலை வேண்டாம். மாஸ்டாவே 2017-இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. துணிக்கூரை, நார்டி மர ஸ்டீயரிங், 14 அங்குல ரிம் என்று நிறுத்திவிட்ட சாமான்களை மறுபடி செய்தார்கள். அந்தக் காலத்து டயரைப் பிரிட்ஜ்ஸ்டோன் அதே கோடுகளோடு மீண்டும் வார்த்துக் கொடுத்தது. 30 வருடத்துக்கு முன்பு விற்ற, விலை குறைந்த ஒரு காருக்கு ஒரு கம்பெனி இதைச் செய்கிறதென்றால், அந்தக் கார் அங்கே எப்படி மதிக்கப்படுகிறது என்று பாருங்கள். டொயோட்டாவும் ஏஇ86-க்குச் சில பாகங்களை 2021-இல் மறுபடி கொண்டுவந்தது.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா. பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஒரு ரோட்ஸ்டரை கோவைக்கு இறக்குமதி செய்ய முடியுமா?
*வாசகர், சாய்பாபா காலனி, கோவை*

முடியாது. பயன்படுத்திய கார் 3 வயதைத் தாண்டியிருந்தால் இந்தியாவுக்குள் விட மாட்டார்கள். விண்டேஜ் என்று பதிவுசெய்து 'விஏ' எண் பலகை வாங்க, 2021-இல் வந்த விதிப்படி வண்டிக்கு 50 வயது முடிந்திருக்க வேண்டும். முதல் ரோட்ஸ்டருக்கு அந்த வயது 2039-இல்தான் வரும். சுற்றுவழி சொல்லும் தரகர்கள் யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள். வண்டி துறைமுகத்திலேயே துருப்பிடிக்கும்.

அப்பா 1995-இல் வாங்கிய மாருதி ஜென் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. எல்லோரும் ஸ்கிராப்புக்குப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அது கிளாசிக் ஆகுமா சார்?
*வாசகி, ஈரோடு*

போடாதேம்மா. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

ரோட்ஸ்டரும் கப்புச்சினோவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எடையைக் கண்டு அஞ்சும் அந்தப் புத்தி சுசுகி வழியாக நம் வீட்டு வாசலுக்கே வந்தது. மாருதி 800-இல் இருந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினும், முதல் கப்புச்சினோவின் 657 சிசி டர்போ எஞ்சினும் சுசுகியின் ஒரே 'எஃப்' குடும்பத்துப் பிள்ளைகள். பெட்ரோல் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்த அந்தச் சின்னக் காரின் தம்பிதான் ஜப்பானில் கூரையைக் கழற்றிக்கொண்டு மலையேறியது. அந்த 800-இன் எஞ்சினை எடுத்துத்தான் 80-களின் கடைசியில் கோவையின் பந்தய வீரர் கரிவரதன் 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் நம் பிள்ளைகள் பந்தயம் பழக அது வழி திறந்தது. செட்டிபாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உன் அப்பாவின் ஜென் 1993-இல் வந்த வண்டி. எஞ்சின் 993 சிசி, முழுக்க அலுமினியம், எடை 800 கிலோவுக்கும் குறைவு. இங்கே செய்து ஐரோப்பாவுக்கு 'சுசுகி ஆல்டோ' என்று அனுப்பினார்கள். 50 குதிரைத்திறன்தான், ஆனால் மூன்றாம் கியரில் அது காட்டும் பிக்கப்பும் ஸ்டீயரிங்கின் சுறுசுறுப்பும் அந்தக் காலத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். உலக ஏலத்தில் விலை போகுமா என்றால் போகாது. கிளாசிக் என்ற சொல்லை நான் விலையை வைத்து அளப்பதில்லை. ஒரு காலத்தின் யோசனையை ஒளிவில்லாமல் காட்டும் வண்டி கிளாசிக்தான், அந்தக் கணக்கில் உன் ஜென் சேரும்.

ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று முதலில் பார். 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் உடனே ஸ்டார்ட் பண்ணாதே. பழைய பெட்ரோலை டேங்கிலிருந்து வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட் மூன்றையும் மாற்றிய பிறகு சாவியைத் திருப்பு. டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடு. பழைய கார்புரேட்டர் தெரிந்த மெக்கானிக் ஈரோட்டில் இன்னும் இருப்பார்கள், தலை நரைத்தவர்களாகப் பார்த்து விசாரி. டிங்கரிங் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள். அப்பா உட்கார்ந்த சீட் துணியை மாற்ற வேண்டாம்.

உங்கள் ரோட்ஸ்டர் இப்போது எங்கே?
*பலர்*

2010-இல் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டேன். வாங்க வந்தவர்களில் கூடுதல் விலை சொன்னவருக்குக் கொடுக்கவில்லை. மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்திருந்த ஒரு இளம்பெண், சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் படுத்து, டார்ச் அடித்து, கதவுக்குக் கீழே நான் வெல்டிங் செய்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கொடுத்தேன். தண்ணீர் போகும் குழாயை எந்தக் கம்பியால் குத்தி விட வேண்டும் என்று காட்டினேன். அந்தக் கம்பியையும் கொடுத்தேன்.

2019-இல் ரோட்ஸ்டரின் 30ஆம் ஆண்டு நிறைவுக்கு மியோஷியில் மாஸ்டாவின் சோதனைப் பாதையில் எல்லோரும் கூடினார்கள். அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள். வரிசை வரிசையாக ரோட்ஸ்டர்கள், நடுவே என் கடல் நீலம். கூரை புதிது, ரிம் புதிது. ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடிக்குக் கீழே, ஒரு மழை நாளில் என் மோதிரம் கிழித்த கோடு மட்டும் அப்படியே இருந்தது. ஏன் அதைச் சரிசெய்யவில்லை என்று கேட்டு எழுதினேன். அது வண்டியோடு வந்ததுதானே என்று பதில் எழுதினாள்.